முதல் பந்தியின் எடை

மேல்தளத்தில் கொத்தனார் சங்கிலிமுத்து நடந்துகொண்டிருந்தார். அவருடைய வெறுங்கால்களின் ஓசை தளத்தின் ஊடாக இறங்கி வந்து, கீழே நின்ற சுகிர்தாவின் உச்சந்தலைக்கு நேர்மேலே சற்றுத் தயங்கி, பின்பு சன்னல் பக்கமாக விலகிச் சென்றது. ஆனால், நடுவிட்டத்தின் அடியில் பொருத்தப்பட்டிருந்த டயல் கேஜின் முள் மயிரிழையளவும் அசையவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டாள். கைக்கடிகாரத்தைப் போன்ற அந்த வட்டக் கருவி, விட்டம் எவ்வளவு தொய்கிறது என்பதைத் தலைமுடியின் பருமனைவிடச் சிறிய கோடுகளில் காட்டவல்லது. அவ்விட்டத்தின் மேல் ஓர் ஆள் ஏறி நின்றால் முள் ஒரு கோடு நகர வேண்டும். நகராதிருக்க நியாயமே இல்லை.

"யாகூப், கேஜ் சிக்கிக்கிருச்சா, பாருங்க."

யாகூப் அவளுடைய அலுவலகத்தில் பல்லாண்டுகளாகச் சோதனைக் கருவிகளைக் கையாள்பவர், ஐம்பதைக் கடந்தவர். சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு வந்து, கண்ணாடியை நகத்தால் இருமுறை தட்டினார்.

"சிக்கலை மேடம். காலையில நான்தானே மாட்டுனேன்."

"பின்ன ஏன் அசைய மாட்டேங்குது?"

"சங்கிலிக்கு எடை இல்லையோ என்னமோ. நாள் முச்சூடும் டீயைக் குடிச்சே உசுரு வாளுற மனுசன். இருங்க, நம்ம உடம்பை ஏத்திப் பாப்போம்."

அவர் படியேறிச் சென்றார். செருப்போசை தளத்தின் நடுவுக்கு வந்தது. முள் துள்ளி ஒரு கோடு நகர்ந்தது. அவர் இறங்கி வந்ததும் பழைய இடத்திற்கே திரும்பியது. கருவியில் யாதொரு பழுதும் இல்லை. சங்கிலிமுத்துவை மீண்டும் நடுவில் நிற்கச் சொன்னாள். ஓசை கேட்டது. முள் நின்றது நின்றபடியே இருந்தது.

அக்கட்டடம் சிவகாசியிலிருந்து நாரணாபுரம் செல்லும் சாலையோரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே காலண்டர் அச்சடித்தார்கள். கீழே அச்சு இயந்திரங்கள். மேலே கூரைவரை அடுக்கிய காகிதக் கட்டுகள். தொழில் நின்று, இயந்திரங்கள் போனபின், உரிமையாளரான ராஜபாண்டியன் அதைக் கல்யாண மண்டபமாக்க முடிவு செய்தார். கீழே மணமேடை, மேலே பந்தி. காகிதம் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். மனிதர்கள் உட்காருவார்கள், எழுவார்கள், கூட்டமாக ஓடுவார்கள். அத்துடன், உப்புநீரில் குழைத்த பழைய காங்கிரீட்டின் உள்ளே கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தன. எனவே பொறியாளரான சுகிர்தா தூண்களின் மேற்பூச்சைக் கொத்தியெடுத்து, சுற்றிலும் புதுக்கம்பி கட்டி, புதுக்காங்கிரீட்டை வார்த்தாள். தூணுக்குச் சட்டை போடுவது என்று அதனைத் தொழிலாளர்கள் சொன்னார்கள். ஜாக்கி எனப்படும் இரும்பு முட்டுகள் விட்டங்களைத் தாங்கி நின்றன. இனி அம்முட்டுகளைத் தளர்த்தி, விட்டம் தானாக நிற்கிறதா என்று அளந்து, கட்டடம் உறுதியானது என்று அவள் கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பத்தை நம்பித்தான் ஊர் வந்து அந்தத் தளத்தில் உட்காரும்.

அன்று காலை முட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தியிருந்தாள். அப்போதே விட்டம் வேண்டுமளவுக்கு மேல் தொய்ந்தது. கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். காலியான தளம் அவ்வளவு தொய்யாது. பாதி மாடி ஆட்களால் நிறைந்திருந்தால்தான் அந்த அளவு வரும்.

மேலே ஒரு துடைப்பத்தைத் தவிர எதுவும் இல்லை.

பிற்பகல் வெயில் வெளியே வெள்ளையாகக் காய்ந்தது. உள்ளேயோ, காகிதம் ஈரம் இழுக்காதிருக்க உயரத்தில் சிறியனவாக வைத்த சன்னல்களின் வழியே மங்கிய ஒளி மட்டும் விழுந்தது. சுவர்களில் ஊறிய அச்சுமையின் நெடியும், இயந்திரம் துடைத்த மண்ணெண்ணெயின் நெடியும், ஈரச் சிமெண்டின் பச்சை மணமும் ஒன்றோடொன்று கலந்து தொண்டையில் அடைத்தன. நாரணாபுரத்துப் பக்கம் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் புதுத்தூண்கள் அடிவயிற்றிலிருந்து முனகுவதுபோல் அவளுக்குத் தோன்றியது.

வாசலில் கார் வந்து நின்றது. ராஜபாண்டியன் வெள்ளை வேட்டி சரசரக்க உள்ளே வந்தார். சங்கிலிமுத்து மாடியிலிருந்து இறங்கி வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"என்னம்மா, ஜாக்கியெல்லாம் எப்ப எடுக்கிறீக?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அண்ணாச்சி. நடுவிட்டம் அளவுக்கு மேல தொங்குது."

"தொங்குதா? எனக்குந்தான் தொந்தி தொங்குது. நான் என்ன விளுந்தா போயிட்டேன்?" அவர் சிரித்தார், சிரிப்பு கண்வரை ஏறவில்லை. "வார முகூர்த்தத்துல என் மகளுக்குக் கல்யாணம். நாளைக்குப் பெயிண்ட் அடிக்க ஆளு வருது. இம்புட்டுக் கம்பிய நட்டு வச்சுக்கிட்டு இருந்தீகன்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் இது மண்டபமா, சவுக்குத் தோப்பான்னு கேப்பான்."

அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வகையறாவுல ஒரு வளக்கம் உண்டும்மா. புதுக் கட்டடத்துல முதப் பந்தி, அதைக் கட்டுனவுகளுக்கு. கொத்தனாரு, ஆசாரி, என்ஜினீயரு, எல்லாரும் குடும்பத்தோட தரையில சம்மணம் போட்டு உக்காரணும். நாங்க சொந்தக்காரங்களும் கூடவே உக்காருவோம். கட்டுனவன் நம்பி உக்காந்தாத்தான் ஊருக்காரன் நம்புவான். சங்கிலி பெஞ்சாதி பிள்ளைகளோட வாரேன்னு அப்பவே சொல்லிட்டான். நீங்க? உங்களுக்கு நடுப்பந்தியில, இந்தா, இந்த விட்டத்துக்கு நேர்மேல இடம்."

நேரில் அழைப்பவரிடம் வரவில்லை என்று சொல்லும் வழக்கம் அவ்வூரில் இல்லை. போகாமல் இருந்துவிடலாம், ஆனால் முகத்துக்கு நேரே மறுப்பது அவமதிப்பு. மேலாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடுவதுபோல் சுகிர்தா சொன்னாள்: "வந்திருவோம் அண்ணாச்சி."

"பாப்பாவையும் கூட்டிட்டு வரணும்."

"அனு இல்லாமலா?"

முள் நகர்ந்தது.

முதலில் ஒரு கோடு. அதையடுத்து, மிக இலேசாக, அரைக்கோட்டுக்கும் குறைவாக. மேலே எவரும் இலர். சங்கிலிமுத்து கண்ணெதிரே நின்றிருந்தார். நகர்ந்த முள் திரும்பவில்லை.

"யாகூப்பு, நீரும் வந்திரணும்வே."

"அன்னைக்கு எங்க மச்சான் மகன் நிக்காஹ் அண்ணாச்சி, மேலப்பாளையத்துல. நான் இல்லேன்னா அங்கன சோறு வேகாது. எனக்குப் பார்சல் கட்டிக் குடுத்திருங்க."

ராஜபாண்டியன் உரக்கச் சிரித்தார். முள் அசையவில்லை.

பின்பு அவர் விட்டத்தின் அடியிலேயே ஒரு முட்டில் சாய்ந்து நின்றுகொண்டு, கைப்பேசியை எடுத்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார்.

"மாப்ளே, பத்திரிகை கெடைச்சுதா? முதப் பந்திக்கே வந்திரணும்லே. பொன்னுத்தங்கத்தையும் கூட்டிட்டு வா. பிள்ளைக ரெண்டும்? வரட்டும், வரட்டும்."

ஒரு கோடு. ஒரு கோடு. அரை. அரை.

சுகிர்தா கோடுகளை எண்ணினாள். வெப்பத்தால் விட்டம் விரிகிறது என்று எண்ண முயன்றாள். வெடியதிர்வு என்று எண்ண முயன்றாள். ஆனால் வெடியோசை அப்போது ஓய்ந்திருந்தது.

"மதினி, நீங்களும் அண்ணனும் வாரீகள்ல? மாமாவுக்கு முட்டி வலியா? நாற்காலியில வச்சே தூக்கிட்டு வந்திருங்க. அவுக மட்டும் நாற்காலியில உக்காந்து சாப்பிடட்டும்."

ஒரு கோடு. ஒரு கோடு. பின்பு ஒன்றரை. முதியவரின் எடையோடு, அவருடைய நாற்காலியின் எடை.

"யாரு? ஊர்ல இல்லையா? சரி சரி, பெறகு பாப்போம்."

முள் நின்றது.

யாகூபும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்திலிருந்து கேலி வடிந்துவிட்டிருந்தது. "மேடம், நான் கொஞ்சம் வெளியில நிக்கட்டுமா?" என்றார்.

"இங்கேயே இருங்க. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

அவள் அருகிலிருந்த முட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காதை வைத்தாள். குளிர்ந்த இரும்பின் வழியே, மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல் முதலில் ஓர் இரைச்சல். பிறகு, அவ்விரைச்சல் மெல்லப் பிரிந்து தனித்தனி ஓசைகளாயிற்று. வாளியின் பிடி விளிம்பில் மோதும் ஒலி. கரண்டி அடியில் வழிக்கும் ஒலி. இலைகள் உரசும் ஒலி. பலர் அருகருகே அமர்ந்து, தொடை மாற்றி, மூச்சுவிடும் ஒலி. பேச்சுக்குரல் மட்டும் இல்லை. அத்தனை பேரில் ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் எதற்காகவோ காத்திருந்தார்கள்.

அவள் காதை வெடுக்கென எடுத்தாள்.

"அண்ணாச்சி, போனை வையுங்க."

"என்னம்மா?"

"யாரையும் கூப்பிடாதீங்க. இந்தத் தளம் தாங்காது. இன்னும் ஒரு ஆளைக்கூடத் தாங்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ராஜபாண்டியன் கைப்பேசியை மெதுவாகச் சட்டைப்பையில் வைத்தார். அவர் சினம் கொள்ளவில்லை. சினம் கொண்டிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்புட்டுத் தூணுக்கும் சட்டை போட வச்சீக. போட்டேன். கம்பி பத்தாதுன்னீக. வாங்கிக் குடுத்தேன். இப்பம் காலி மாடியப் பாத்துத் தாங்காதுங்கிறீக. படிச்சவுக சொல்றீக. நான் என்ன சொல்ல?" அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "கையெழுத்துத்தானே? வேற கையி கெடைக்கும். ஏலே சங்கிலி, பொளுது சாயுறதுக்குள்ள இங்கன ஒரு ஜாக்கி நிக்கக் கூடாது. சுத்தியலை எடுலே."

"சரிங்க மொதலாளி," என்றார் சங்கிலிமுத்து. அவர் சுகிர்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சங்கிலி அண்ணே, உங்க பிள்ளைகளும்தானே உக்காரப் போகுது!"

"மொதலாளி சொல்லுக்கு மறுசொல்லு எப்படிம்மா சொல்ல?"

ராஜபாண்டியன் வாசலை நோக்கி நடந்தவர் திரும்பினார். "சொல்ல மறந்துட்டேன் பாருங்க. சூலக்கரையில உங்க வீட்டுக்கு வண்டி அனுப்பியிருக்கேன். உங்க வீட்டுக்காரரையும் பாப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லி. பத்திரிகைய முறைப்படி தட்டுல வச்சுக் குடுக்கணும்ல? பக்கத்துல வந்துட்டாகளாம்."

சுகிர்தா கேஜின் பக்கம் திரும்பினாள். அவள் அவரைப் பார்த்துப் பேசவில்லை. முள்ளைப் பார்த்துப் பேசினாள். உரக்க, தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்து.

"நாங்க வரலை. நான் வரலை. என் பிள்ளை வரலை."

முள் திரும்பவில்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதானம்மா," என்றார் ராஜபாண்டியன், வெளியே வெயிலில் நின்றபடி.

அவள் படியேறினாள். தன் கண்ணால் காலியான தளத்தைப் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் கணக்கு கணக்காகவே இருக்கும். படிகளின் கைப்பிடிச் சுவர் வியர்த்த தோலைப்போல் ஈரமாக இருந்தது. திருப்பத்தில் காற்று நின்றது. சோற்றின் ஆவியும், வாழையிலையின் பச்சையும், பலர் கூடிய இடத்தின் வியர்வையும் ஒரு கணம் மூக்கில் ஏறி மறைந்தன.

மேல்தளம் வெறுமையாகக் கிடந்தது.

தூண்களைக் கொத்தியபோது பறந்த சிமெண்டுத் தூசி, மாவைச் சலித்துக் கொட்டினாற்போல் தரை முழுவதும் படிந்திருந்தது. சாய்வெயில் மேற்குச் சன்னல்களின் வழியே அதன்மேல் நீளநீளமாக விழுந்தது. யாகூபின் செருப்புத் தடங்கள் நடுவுவரை சென்று திரும்பியிருந்தன. அவ்வளவே. நாள் முழுவதும் அங்கே நடந்த சங்கிலிமுத்துவின் வெறுங்காலடி ஒன்றுகூட இல்லை.

அவள் நடுவுக்கு வந்தாள். திரும்பிப் பார்த்தாள். தான் நடந்துவந்த வழியில் தூசி கலையாமல் இருந்தது.

"யாகூப்!" அவள் கீழ்நோக்கிக் கத்தினாள். "முள் நகருதா?"

"இல்லை மேடம்," என்று படிக்கட்டு வழியாகக் குரல் வந்தது. "நீங்க இன்னும் மேல போகலையா?"

அவள் குதித்தாள். இரு கால்களும் தளத்தில் மோதின. பாதம் வலித்தது.

"சத்தம் கேக்குது மேடம். முள்ளு அப்படியே நிக்குது."

அவளை அது முன்பே எடைபோட்டுவிட்டது.

அப்பொழுதுதான் வெயில் சற்றே இறங்கி, தரையில் இருந்தவற்றின் விளிம்புகளை நிழல் காட்டிற்று. தூசியில் வரிசை வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் சம்மணமிட்டு அமர்ந்த உடலின் வடிவம்: இரண்டு முழங்கால்கள், அவற்றின் பின்னே அமர்ந்த தடம். சுவர்முதல் சுவர்வரை. ஓரிடத்தில் நாற்காலிக்கால்களின் நான்கு புள்ளிகள். அவளுடைய காலடியில், நடுவிட்டத்திற்கு நேர்மேலே, ஒரு பெண்ணின் அளவில் ஒரு பள்ளம். அதன் வலப்புறம் மிகச் சிறியதாக இன்னொன்று. இடப்புறம் தூசி சமமாக இருந்தது.

கீழே கார்க்கதவு சாத்தும் ஓசை.

"அம்மா எங்கே?"

"அம்மா மாடியில இருக்காக பாப்பா," என்றார் ராஜபாண்டியன்.

"அனு! மேலே வராதே! யாகூப், அவளைப் பிடிங்க!"

படிகளில் சிறு கால்களின் ஓட்டம். திருப்பம். மூச்சிரைப்பு. பள்ளிச் சீருடையோடு அனுப்பிரியா மாடி வாசலில் நின்று சிரித்தாள். தூசியின்மேல் ஓடி வந்தாள்.

தடம் இல்லை.

"யாகூப்! முள்!"

"அசையலை மேடம். பாப்பா என் கைக்கு அகப்படாம ஓடி வந்துருச்சு. இன்னும் மேல வரலையா?"

சுகிர்தா பாய்ந்து மகளின் கையைப் பற்றினாள். "வா, போயிரலாம். வா கண்ணு."

"இரும்மா." சிறுமி கையை உருவிக்கொண்டாள். தரையைக் குனிந்து பார்த்தாள். எதையோ அடையாளம் கண்டவளைப்போல் முகம் மலர்ந்தது. அந்தச் சிறிய பள்ளத்தில் மெல்ல அமர்ந்தாள். முழங்கால் இருந்த இடத்தில் முழங்கால். இம்மியும் பிசகவில்லை.

"இது என் இடம்லம்மா."

கீழே ராஜபாண்டியனின் குரல்: "நீங்களும் கட்டாயம் வந்திரணும் சார்." அதற்கு விடையாக அவளுடைய கணவன் பிரபாகரனின் குரல், எப்போதும்போல் பணிவாக, மகிழ்வாக:

"குடும்பத்தோட வந்திருவோம் அண்ணாச்சி."

"மேடம்," என்றார் யாகூப். அவர் அழுதுகொண்டிருந்தார். "ஒரு கோடு, மேடம்."

இடப்புறத்துத் தூசி தாழ்ந்தது. எவரும் அமரவில்லை. முழங்கால்கள் இரண்டும் முதலில். பின்பு உடல்.

அவள் மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். எழவில்லை. காலையில் இடுப்பில் தூக்கி வந்து தலைபின்னிய குழந்தை. எழவில்லை. தரையோடு வார்த்ததுபோல் கனத்தது.

கீழே இரும்பில் சுத்தியல் விழுந்தது.

முதல் முட்டு.

தளம் பெருமூச்சு விட்டது. மேற்கூரையிலிருந்து மணல் உதிர்ந்தது. இரண்டாம் அடி. சங்கிலிமுத்துவின் கை தாளம் தவறவில்லை.

அனுப்பிரியா வெற்றுத்தரையில், தன்முன் இலை கிடப்பதுபோல், விரல்களால் நீர் தெளிப்பதுபோல் செய்தாள். உள்ளங்கையால் துடைத்தாள். தூசி விலகி நீள்வட்டமாகச் சிவப்புத் தளம் தெரிந்தது.

அதே நொடியில் சுவரோரத்தில், எவரும் அமராத முதற்பள்ளத்தின்முன், தூசி துடைக்கப்பட்டது. பிறகு அடுத்ததன்முன். அதற்கடுத்து. வரிசை நெடுகிலும், ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்குத் தெரியாத கைகள் தெளித்துத் துடைத்து நெருங்கி வந்தன.

மூன்றாம் அடி.

தான் எப்போது அமர்ந்தோம் என்பது சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. முழங்கால்களின் கீழ் தரை இளஞ்சூடாக இருந்தது. கணவனுடைய இடத்தின்முன் தூசி விலகியது.

அடுத்தது அவளுடையது. துடைத்த கையில் அவளுடைய வளையல்கள் இருந்தன.